சம்பளச் சீட்டும் சமையல் அடுப்பும்

இன்று எந்தப் பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் புவி வெப்பமடைதல், கார்பன் குறைப்பு என்று சில பக்கங்கள் இருக்கும். ஆலைக் கூரையில் சோலார் தகடு போட்டது, ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் குறைத்தது, மரக்கன்று நட்டது என்று வரிசையாகப் பட்டியல் வரும். இவை எல்லாம் கம்பெனி கேட்டுக்கு உள்ளே நடப்பவை. ஷிப்ட் முடிந்து ஒரு தொழிலாளி வீட்டுக்குப் போகிறார். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, அடுப்பு பற்றுகிறது, விடியற்காலையில் குளிக்க வெந்நீர் காய்கிறது. அந்த மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும், அவர் வேலை செய்யும் கம்பெனிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

இல்லை என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தொழிலாளியின் வீட்டு அடுப்பு முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அது எப்படி நுழைந்தது, யாருக்குப் பயன்பட்டது, யாரை விட்டுவிட்டது என்பதைப் பார்க்க ஓசூர் - தேன்கனிக்கோட்டைப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

எல்லையோரத்து ஊர்

தேன்கனிக்கோட்டை கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். முதலில் சேலம் மாவட்டம், 1965 முதல் தர்மபுரி மாவட்டம், 2004 பிப்ரவரி முதல் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழிகளும் சந்தையில் கேட்கும். மேட்டு நிலம் என்பதால் தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர் அதிகம். பக்கத்திலுள்ள தளியை வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்றே அழைத்தார்கள்.

குளிர் என்றால் வெந்நீர் வேண்டும். ராகிக் களி கிளற நின்று எரியும் அடுப்பு வேண்டும். இரண்டுக்கும் தலைமுறை தலைமுறையாக விறகு வந்தது சுற்றியுள்ள காடுகளில் இருந்துதான். தளி, ஜவளகிரி, நொகனூர் காடுகள் யானைகள் போய்வரும் பாதையும்கூட. விறகுக்குப் போனவர் யானையிடம் சிக்கினார் என்ற செய்தி இந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஆக, இங்கே ஒரு வீட்டின் எரிபொருள் குறைவது என்பது பணத்தை மட்டும் பொறுத்த விஷயம் அல்ல. காட்டுக்கும் உயிருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த ஊரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் ஓசூர். காலையிலும் மாலையிலும் அந்தச் சாலையில் பஸ்ஸும் இருசக்கர வண்டிகளும் நிறைந்திருக்கும். வேலை அங்கே, வீடு இங்கே என்று வாழ்பவர்கள் பலர்.

விறகு கொடுத்த முதலாளி

முதலாளி தொழிலாளியின் வீட்டு எரிபொருளைப் பற்றிக் கவலைப்பட்டது முதலில் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும்தான். காரணம் கருணை அல்ல. காட்டு நடுவே, ஊரே இல்லாத இடத்தில் ஆட்களைக் குடிவைத்தால் அவர்களுக்கு வீடும் விறகும் கொடுத்தே ஆக வேண்டும். மூணாறு போன்ற மலைத்தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கு விறகு கொடுப்பதற்காகவே யூகலிப்டஸ் மரங்கள் வளர்க்கப்பட்டன. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கட்டிக் கொடுப்பதை நிர்வாகத்தின் கடமையாகவே ஆக்கியது.

நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளிக்கு வீட்டுக்கு எரிக்கக் கரி கிடைத்தது. பிரிட்டனிலும் இதே வழக்கம் இருந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கி 'லெக்கோ' என்ற பெயரில் வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். பொதுத்துறை நகரியங்கள் பலவற்றில் ஊழியர் குடியிருப்புக்குச் சலுகை விலையில் மின்சாரம் போனது.

இந்த முதல் கட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். முதலாளி எரிபொருளைக் கொடுத்தார். அதைக் குறைக்க உதவவில்லை. சும்மா கிடைக்கும் கரியையும் மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தையும் யாரும் சிக்கனமாகச் செலவழிக்க மாட்டார்கள். அது தொழிலாளியின் குற்றமும் அல்ல. சிக்கனத்தால் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை என்னும்போது சிக்கனம் எங்கிருந்து வரும்?

சம்பளப் பிடித்தத்தின் இரண்டு முகங்கள்

வீட்டில் எரிபொருளைக் குறைக்க நல்ல புத்தி மட்டும் போதாது. பொருள் வேண்டும். விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு, சாதாரணப் பாத்திரத்துக்குப் பதில் குக்கர், குண்டு பல்புக்குப் பதில் எல்.ஈ.டி. பல்பு. இவை எல்லாமே மாதாமாதம் காசை மிச்சப்படுத்தும். ஆனால் முதல் நாள் மொத்தமாகக் காசு கேட்கும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் பெரும்பாலும் இல்லாதது அந்த முதல் நாள் காசுதான்.

இங்கேதான் முதலாளியிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் சம்பளப் பிடித்தம். பொருளை இன்று கொடுத்துவிட்டு, சம்பளத்தில் மாதம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம். கடன் திரும்பி வருமா என்ற பயம் இல்லை. வசூலுக்கு ஆள் அனுப்பும் செலவும் இல்லை.

ஆனால் இந்தக் கருவிக்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழர்களை அழைத்துப்போன கங்காணிகள் முதலில் கொடுத்தது முன்பணம். அந்தக் கடன் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால், அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு காகிதம் கூடவே போகும். புதிய துரை அந்தக் கடனைத் தீர்த்தால்தான் ஆள் மாற முடியும். அதைத் 'துண்டு' என்றார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

இந்தியாவிலும் அபராதம், பிடித்தம் என்ற பெயரில் ஆலைகளில் நடந்த அநியாயங்கள் கொஞ்சமல்ல. 1931இல் அறிக்கை தந்த அரசுத் தொழிலாளர் ஆணையம் இதைப் பற்றிப் பேசியது. அதன் பின்னர் வந்ததே 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று அது பட்டியல் போட்டது. வீட்டு வாடகை, முன்பணம், கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய தொகை, அரசு அனுமதித்த வசதிகள் ஆகியவை அதில் அடக்கம். பின்னர் வந்த திருத்தத்தில் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கூட்டுறவுச் சங்கத் தொகையும் சேர்ந்தால் 75 சதவீதம் வரை போகலாம் என்று உச்சவரம்பும் வந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 சதவீதம் என்று அதை இறுக்கியது.

காமர்ஸ் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு பரீட்சைக் கேள்வியாக மட்டும் மனப்பாடம் செய்வதுண்டு. ஆனால் ஒரு தொழிலாளியின் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்ததா, கடன் சுமை வந்ததா என்பதைத் தீர்மானித்தது இந்த ஒரு பிரிவுதான்.

ஓசூருக்குத் தொழில் வந்தது

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம், பின்தங்கிய பகுதி என்று பெயர் வாங்கியிருந்த ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பெங்களூர் பக்கத்திலேயே இருந்தது பெரிய வசதி. 1980 வாக்கில் அசோக் லேலண்டின் லாரி ஆலையும் டி.வி.எஸ்.ஸின் மொபெட் ஆலையும் வந்தன. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது.

டைட்டன் வேலைக்கு எடுத்த இளைஞர்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, சுற்றுவட்டாரச் சிறு ஊர்களில் இருந்து வந்தவர்கள். பதினெட்டு வயதுப் பையன்களும் பெண்களும் ஊரைவிட்டு வந்து எங்கே தங்குவார்கள், யார் சமைத்துப் போடுவார்கள் என்ற கேள்வியை நிர்வாகம் தன் கேள்வியாகவே எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு வீடு பிடித்து, பெற்றோர் ஸ்தானத்தில் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் ஏற்பாடு செய்தது.

பிறகு ஓசூரில் இருந்து தேன்கனிக்கோட்டை போகும் வழியில் உள்ள மத்திகிரியில் ஊழியர் குடியிருப்பு உருவானது. அதை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. கட்டடத்தின் உருவத்தைத் தட்பவெப்பம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த கொள்கை. 1960களின் தொடக்கத்திலேயே அகமதாபாத்தில், சூடான காற்று தானாகவே மேலேறி வெளியே போகும்படி ஒரு நீள வீட்டைக் கட்டிக் காட்டியவர் அவர். மின்விசிறி இல்லாமலே காற்று ஓடும் வீடு! முற்றமும் திறந்த வானமும் ஏழைக்கு இன்னொரு அறைக்குச் சமம் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் யாரும் இதைக் கார்பன் குறைப்பு என்று சொல்லவில்லை. ஆனால் வரலாற்றில் இது ஒரு திருப்பம். விறகு கொடுத்த முதலாளியிடம் எரிபொருள் மட்டும் இருந்தது. நல்ல வீடு கொடுக்கும் முதலாளியிடம் எரிபொருளின் தேவையையே குறைக்கும் வழி இருக்கிறது. ஒருமுறை ஜன்னலைச் சரியான திசையில் வைத்துவிட்டால் அது ஐம்பது வருடம் சம்பளம் கேட்காமல் வேலை செய்யும்.

செய்யும் இடமும் சேரும் இடமும்

ஓசூருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. வீட்டு எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருள்கள் பலவும் இங்கேயே உற்பத்தியாகின்றன. டி.டி.கே. பிரஸ்டீஜ் நிறுவனத்தின் குக்கர் ஆலை ஓசூர் சிப்காட்டில்தான் இருக்கிறது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மத்திய அரசு அமைத்த பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுக் கழகம், குக்கரில் சமையுங்கள், பாத்திரத்தை மூடி வையுங்கள் என்று ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தது. பிரச்சாரம் ஒரு பக்கம் நடக்க, குக்கரையும் கேஸ் அடுப்பையும் தவணையில் வாங்கித் தந்து சம்பளத்தில் கழித்துக்கொண்டவை பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கங்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ அரசு அலுவலகங்களிலும் ஆலைகளிலும் இந்தச் சங்கங்கள் இருந்தன. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் முதல் குக்கர் வந்தது சங்கக் கடனில்தான்.

இன்று அதே ஓசூர் பக்கம் மின்சார ஸ்கூட்டரின் தொட்டில். டி.வி.எஸ். தன் ஐக்யூப் வண்டியை 2020 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. ஏத்தர் நிறுவனம் 2021இல் ஓசூருக்கு உற்பத்தியை மாற்றியது. அதே ஆண்டு ஓலாவின் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் எழுந்தது. வண்டியைப் பூட்டி முடிக்கும் கைகள், மாலையில் வீட்டுக்குப் போவது பெரும்பாலும் பெட்ரோல் வண்டியிலோ பஸ்ஸிலோதான். குக்கருக்கு நடந்த கதைதான் இங்கும். பொருள் இங்கே பிறக்கிறது. செய்தவர் வீட்டுக்கு அது கடைசியாகத்தான் வந்து சேருகிறது. இடையில் நிற்பது அந்த முதல் நாள் காசு.

வெளிநாட்டில் நடந்தவை

அமெரிக்காவில் 3எம் நிறுவனம் 1973இல், எண்ணெய் நெருக்கடி வெடிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, ஊழியர்கள் சேர்ந்து வர வேன்களை ஏற்பாடு செய்தது. வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். நெருக்கடி வந்தபோது மற்ற நிறுவனங்களும் அதைப் பார்த்துப் பின்பற்றின.

2005இல் கூகுள் நிறுவனம், எரிபொருள் குறைவாகக் குடிக்கும் கார் வாங்கும் ஊழியருக்கு 5,000 டாலர் தந்தது. 2006இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஹைபிரிட் கார் வாங்கிய ஊழியருக்கு 3,000 டாலர் என்று அறிவித்தது. 2014 அக்டோபரில் சிஸ்கோ, 3எம், கிம்பர்லி கிளார்க், நேஷனல் ஜியோகிராஃபிக் ஆகியவை சேர்ந்து, தங்கள் ஊழியர்கள் வீட்டுக் கூரைக்குச் சோலார் தகடுகளை மொத்த விலையில் வாங்க ஏற்பாடு செய்தன. ஒரு லட்சம் பேருக்கு மேல் இதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லப்பட்டது. தனி ஆளாகப் போனால் சில்லறை விலை. ஒரு லட்சம் பேராகப் போனால் பேரம் பேசலாம்.

இந்தப் பேரத்தின் பலத்தை இந்தியா எல்.ஈ.டி. பல்பில் கண்கூடாகப் பார்த்தது. முதலாளியின் இடத்தில் அங்கே நின்றது அரசு. 2004 டிசம்பரில் பெங்களூர் மின்வழங்கல் நிறுவனம் சி.எஃப்.எல். பல்பைக் கொடுத்து, கரண்ட் பில்லில் தவணையாகக் கழித்துக்கொண்டது. 2014இல் புதுச்சேரியில் 10 ரூபாய்க்கு எல்.ஈ.டி. பல்பு கொடுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நாடு முழுவதற்குமான உஜாலா திட்டம் வந்தது. அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் 2014இல் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. கோடிக்கணக்கில் வாங்கத் தொடங்கிய பிறகு 2016இல் அந்த விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. மொத்தம் 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மொத்தக் கொள்முதலும் தவணையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கணக்கில் வராதது கவனத்தில் வராது

அப்படியானால் எல்லா முதலாளிகளும் ஏன் இதைச் செய்யவில்லை? பதில் கணக்கியலில் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் கார்பன் கணக்கை மூன்று பகுதியாகப் பிரிப்பார்கள். தன் ஆலையில் எரிப்பது முதல் பகுதி. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றவை எல்லாம் மூன்றாவது. 2011இல் வெளியான சர்வதேச வழிமுறை அந்த மூன்றாவது பகுதியை 15 வகைகளாகப் பிரித்தது. அதில் ஏழாவது வகை, ஊழியர்கள் வேலைக்கு வந்துபோகும் பயணம். வீட்டில் இருந்தே வேலை பார்ப்பவரின் மின்சாரத்தையும் இதில் சேர்க்கலாம். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்து அலுவலகமே வீட்டுக்குப் போனபோது, பல நிறுவனங்கள் முதன்முறையாக ஊழியர் வீட்டு மீட்டரைப் பற்றி யோசித்தன. ஆனால் ஷிப்ட் முடிந்து வீட்டில் சமைப்பதும் குளிப்பதும் எந்த வகையிலும் சேராது. அதை எவ்வளவு குறைத்தாலும் கம்பெனியின் புத்தகத்தில் ஒரு வரவும் வராது.

இந்தியாவில் செபி அமைப்பு, பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதில் இந்த மூன்றாவது பகுதி விருப்பத்துக்கு விடப்பட்டது. இதே காலத்தில்தான் சேலம் மாவட்டத்திலும் உருக்காலை வைத்திருக்கும் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம், மின்சார வாகனம் வாங்கும் ஊழியருக்கு 3 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை என்று 2022 ஜனவரி முதல் திட்டம் கொண்டுவந்தது. வண்டிக்கு இருக்கும் இந்த ஆர்வம் வெந்நீருக்கும் அடுப்புக்கும் இல்லை. காரணம் மேலே சொன்னதுதான். வண்டி கணக்கில் வருகிறது. அடுப்பு வரவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

தேன்கனிக்கோட்டையில் நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு வாளி, 15 லிட்டர் வெந்நீர். 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 45 டிகிரிக்குச் சூடாக்க ஒரு வாளிக்கு சுமார் 0.44 யூனிட் மின்சாரம் ஆகும். நான்கு வாளிக்கு ஒரு நாளைக்கு 1.75 யூனிட். இரண்டு மாதத்துக்கு 105 யூனிட்! 2016 மே மாதம் தமிழ்நாட்டு வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட இலவசம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அது முழுவதும் குளியலறையிலேயே தீர்ந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில், கூரையில் சோலார் வெந்நீர்க் கலன் வைத்த வீட்டுக்குக் கரண்ட் பில்லில் தள்ளுபடி தந்தார்கள். அங்குள்ள மொட்டைமாடிகளைப் பார்த்தால் அதன் பலன் தெரியும்.

அடுத்தது பயணம். தேன்கனிக்கோட்டையில் இருந்து ஓசூர் போய்வர 50 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டியில் ஒரு லிட்டர் தீரும். வெளியேறும் கரியமில வாயு 2.3 கிலோ. மின்சார ஸ்கூட்டர் என்றால் சுமார் 1.5 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 50 பேர் உட்கார்ந்து போகும் கம்பெனி பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால், ஆளுக்கு 0.7 கிலோகூட வராது. அதாவது ஓசூர் ஆலைகள் எப்போதோ ஆரம்பித்த கம்பெனி பஸ், புதிய ஸ்கூட்டரையே தோற்கடிக்கிறது! பஸ் ஒரு பக்கம் காலியாகத் திரும்பக்கூடாது, சீட் நிறைய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பழைய ஏற்பாடு என்பதாலேயே அறிக்கைகளில் அதற்கு விளம்பரம் கிடைப்பதில்லை.

விட்டுப்போனவர்கள்

மேலே சொன்ன எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. குடியிருப்பு வீடு, சங்கக் கடன், வாகன ஊக்கத்தொகை எல்லாமே நிரந்தர ஊழியருக்கு. சம்பளச் சீட்டில் கம்பெனியின் பெயர் இருப்பவருக்கு.

ஆனால் இன்று தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களுக்குச் சம்பளம் தருவது ஒப்பந்தக்காரர். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கேன்டீன், ஓய்வறை, குடிநீர், முதலுதவி என்று கேட்டுக்கு உள்ளே உள்ள வசதிகளைப் பேசியது. வீட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், மத்திகிரி பக்கங்களில் வரிசையாகக் கட்டிய சிறு வாடகை அறைகளில் இவர்கள் தங்குகிறார்கள். மேலே சிமென்ட் தகடு, உள்ளே பழைய ஃபேன். அறையும் ஃபேனும் வீட்டுக்காரருடையது, கரண்ட் காசு குடியிருப்பவருடையது. வீட்டுக்காரர் நல்ல ஃபேன் மாட்டினால் மிச்சம் குடியிருப்பவருக்கு. குடியிருப்பவர் சோலார் கலன் வைத்தால் அது வீட்டுக்காரருக்கு. அதனால் இருவரும் ஒன்றும் செய்வதில்லை.

தேன்கனிக்கோட்டை வட்டத்திலேயே, திம்ஜேப்பள்ளியில், டாட்டா எலக்ட்ரானிக்ஸின் பெரிய ஆலை வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வெளியூர்களில் இருந்து இப்படிப்பட்ட வேலைகளுக்கு வருகிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி ஒன்றை சிப்காட் திறந்தது. இத்தகைய விடுதிகள் ஒருவகையில் பழைய தோட்டத்து லயத்தின் புதிய வடிவம். நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒரே கூரையில் வெந்நீருக்குச் சூரியனைப் பயன்படுத்தி, எல்லா அறைக்கும் சிக்கன ஃபேன் மாட்டி, பஸ்ஸும் விட்டால், தனித்தனி அறைகளில் நினைத்தும் பார்க்க முடியாத மிச்சம் கிடைக்கும். அதேநேரம் வேலையும் படுக்கையும் ஒரே கையில் இருந்தால், வேலை போகும் நாளில் வீடும் போகும். துண்டு முறையைப் பார்த்த சமூகம் இதை மறக்கக்கூடாது.

என்ன செய்யலாம்?

வரலாறு காட்டும் வழி எளிமையானது. அறிவுரைச் சுவரொட்டி யார் வீட்டுக் கரண்ட் பில்லையும் பெரிதாகக் குறைத்ததில்லை. குறைத்தவை மூன்று: ஒழுங்காகக் கட்டிய வீடு, மொத்தமாக வாங்கிய விலை, தாங்கக்கூடிய தவணை.

வாடகை அறையில் இருப்பவருக்கு வீடு கட்டித் தர எல்லா நிறுவனத்தாலும் முடியாது. ஆனால் அவர் கையில் எடுத்துப்போகக்கூடிய பொருளைத் தர முடியும். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். புதிய பி.எல்.டி.சி. வகை ஃபேனுக்கு 30 வாட் போதும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். அறை மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். குக்கரும் அப்படித்தான், இண்டக்‌ஷன் அடுப்பும் அப்படித்தான். ஆலை மொத்த விலையில் வாங்கி, ஆறு மாதத் தவணையில், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துக் கொடுத்தால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. வட்டி கூடாது. மாதத் தவணை, மிச்சமாகும் தொகையோடு ஒட்டி இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரைப் பாக்கி என்று பிடித்துவைக்கக் கூடாது. இந்த மூன்று நிபந்தனைகளும் இல்லாவிட்டால் உதவி மறுபடியும் துண்டாக மாறிவிடும்.

கார்பன் கணக்கில் இதற்கு இடம் இல்லை என்று நிறுவனங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மூணாறில் விறகுக்காக மரம் வளர்த்தவர்களும், மத்திகிரியில் வீடு கட்டியவர்களும் கார்பன் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை. நாளை காலை ஷிப்டுக்கு வருபவர் இரவு நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டு வர வேண்டும் என்று நினைத்தார்கள். அந்தச் சாதாரண நினைப்பை, சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் எல்லோருக்கும் விரித்தால் போதும். நொகனூர் காட்டில் விறகும் மிஞ்சும், தேன்கனிக்கோட்டை வாடகை அறையில் மாதக் கடைசியில் நூறு ரூபாயும் மிஞ்சும்.